பஸ் ஏறிப் போனவர்கள்

முதலில் நான் பழி போட்டது அச்சகத்துக்காரர்கள் மேல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சரித்திர நாவலோடு சாய்ந்திருந்தேன். வரியின் நடுவில் ஒரு எழுத்து கலங்கலாக இருந்தது. அடுத்த வரியிலும் அதே இடம் கலங்கியது. காகித விலை ஏறியதும் மையில் தண்ணீர் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே வேறு புத்தகத்தை எடுத்தேன். அதிலும் கலங்கல். இரண்டு பதிப்பகத்தாரும் ஒரே அச்சகத்தில் கொடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியே சில வாரங்களைக் கடத்தினேன்.

சந்தேகம் வந்தது குளியலறையில். சுவரில் பதித்த டைல்ஸின் நேர்க்கோடு நடுவில் குழிந்து வளைந்தது. வெளியே வந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் கணவரைப் பார்த்தேன். காதுகள் இருந்தன, நெற்றி இருந்தது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

இதை வாசிக்கிறவர்கள் இப்போதே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்ற கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். அச்சகத்தைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

எனக்கு வந்தது மாக்குலர் ஹோல் (விழித்திரையின் நடுப்புள்ளியில் விழும் ஓட்டை). வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கும்போது சிலருக்கு அது விழித்திரையைப் பிடித்து இழுத்து ஓட்டை போட்டுவிடுமாம். பலருக்கு மற்ற கண் கைகொடுக்கும். என் இடது கண்ணோ ஆம்ப்லியோபியா உள்ள கண் (சிறு வயதிலேயே மூளை கைவிட்டுவிட்ட சோம்பல் கண்). ஆள் வருவது தெரியும், சுவர் தெரியும். எழுத்து தெரியாது. ஆக நான் இதுவரை வாசித்த எல்லாவற்றையும் இந்த வலது கண் ஒன்றால்தான் வாசித்திருக்கிறேன். அதில்தான் ஓட்டை.

நான் பெரிய வாசகி ஒன்றும் இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை. பில் போடுவது போக மிச்ச நேரத்தில் கையில் கிடைத்ததை வாசிப்பேன். துப்பறியும் கதை, சமையல் குறிப்பு, சுயசரிதை, ஜோசியம், எதையும் ஒதுக்கியதில்லை. ஆனால் அபிப்பிராயம் சொல்லாமல் ஒரு புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்ததில்லை. தமிழ் நூலகத்தில் என்னைக் கண்டாலே நூலகர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

செய்தது விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை). கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விடுகிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்தி மூட வேண்டும். ஓட்டை இருப்பது கண்ணின் பின்பக்கம், அது மேலே வர வேண்டுமென்றால் முகம் கீழே பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கும் மேல், சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குனிந்தபடிதான். குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, மலைப் பக்கம் போகக் கூடாது.

அறுவை சிகிச்சை முடிந்து என்னைக் குனிந்த தலையோடு அறைக்குக் கொண்டுவந்தபோது என் கணவர் ஆறுமுகம் நடைபாதையில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் கேட்டேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னா?"

"எல்லாம் ஷரியாச்சு. கமந்து கெடந்தா போதும்னு சொன்னா. நீ வெப்ராளப்படாத."

நான் படபடக்கவில்லை. படபடத்தது அவர்தான் என்று பின்னால்தான் தெரிந்தது.

கவிழ்ந்து படுப்பதற்கென்று வாடகைக்குக் கிடைக்கும் மெத்தை எனக்குச் சரிப்படவில்லை, கன்னம் வலித்தது. அவர் கடையில் அண்டா சுமக்கிறவர்கள் வைத்திருக்கும் சும்மாட்டைப் போலப் பழைய வேட்டியைச் சுருட்டி வளையம் செய்தார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் அந்தச் சும்மாட்டை வைத்தார். நான் கவிழ்ந்து படுத்து நெற்றியை அதில் பதித்துக்கொள்வேன். காபியை ஸ்ட்ரா வைத்துக் குடித்தேன். சோம்பல் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புத் தரையும், பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய பாதங்களும்தான்.

பொழுது போகவில்லை என்பது சின்ன வார்த்தை. குப்புறக் கிடப்பவருக்குக் காலை என்பது முடியவே முடியாத ஒன்று. பெங்களூரிலிருக்கும் மகள் என் போனில் தமிழ் வாசிக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். அது மூச்சே விடாமல், காதல் காட்சியையும் ரயில் அறிவிப்பையும் ஒரே குரலில் வாசித்தது. நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நான் எடுத்து வைத்திருந்த தமிழ்ப் புத்தகங்கள் அலமாரியில் கிடந்தன. வாசிக்கத்தான் ஆள் இல்லை. என் கணவர் பிறந்தது வளர்ந்தது இங்கே. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழில் சண்டை போடுவார், கணக்குப் போடுவார், சாமி கும்பிடுவார். தமிழ் எழுத்தைக் கண்டால் பஸ்ஸின் போர்டை மட்டும் தட்டுத்தடுமாறிப் படிப்பார். எங்கள் தெருவில் பல ஆண்கள் இப்படித்தான்.

எதிர்வீட்டு லீலாம்மா டீச்சர் தன் அலமாரியிலிருந்து ஒரு கட்டு மலையாளப் புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார். என் கணவர் வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு மலையாளம் தெரியும், ஆனால் அது மீன்காரியோடு பேரம் பேசும் மலையாளம். புத்தக மலையாளம் காதில் விழுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. "புரியலையா? பின்ன நான் தமிழ்ல சொல்லுதேன்," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் மலையாளத்தில் மனசுக்குள் வாசித்து, எங்கள் வீட்டுத் தமிழில் வெளியே சொன்னார். கடையை மச்சினர் கையில் விட்டுவிட்டு இதே வேலையாக இருந்தார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொன்னார்.

முதலில் வந்தது மாடித்தோட்டம் பற்றிய புத்தகம். பாகலுக்குப் பந்தல் போடும் அத்தியாயம் நன்று. உரம் பற்றி எழுதியவர் வாழ்க்கையில் உரத்தைக் கையால் தொட்டதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது துப்பறியும் நாவல். காயல் கரையில் கயிறு ஆலை முதலாளி கொலை செய்யப்படுகிறார். துப்பறிபவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், நல்ல பாத்திரம். பாதியில் முதலாளி வீட்டுச் சமையல்காரருக்கு விஷச் சோறு வைக்கிறார்கள். அவர் வாந்தி எடுத்துப் பிழைத்து, பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுகிறார். அதற்கு இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் முழுக்கக் குலுங்கி அழுகிறார். கடைசியில் குற்றவாளி, "இரண்டு உயிரை எடுத்தேன்," என்று ஒப்புக்கொள்கிறான்.

"ரெண்டாவது உயிரு எங்க வந்தது?" என்று கேட்டேன்.

"ஏதோ ஒரு கணக்குல எழுதியிருக்கான். வல்லதும் விட்டுப்போயிருக்கும், ஏதாவது ஒரு பக்கம்," என்றார்.

எழுத்தாளருக்குக் கூட்டல் தெரியவில்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

இமயமலைப் பயண நூல் வந்தது. எழுதியவரோடு பழைய நண்பர் ஒருவர் சேர்ந்து நடக்கிறார். வாய் ஓயாத வேடிக்கை மனுஷர். பாதி மலையில் மூச்சுத் திணறல் வருகிறது. உடனே கீழே இறங்கி, பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு புத்தகம் ஒரே சோகம். இவ்வளவு சோகப்படுகிறவன் ஊருக்கு ஒரு போன் போட்டு நலம் விசாரிக்கலாமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாடகக் குழுவில் மேக்கப் போட்ட ஒருவரின் சுயசரிதை. கலகலப்பான புத்தகம். அதில் அவர் மனைவி, நடுப் புத்தகத்தில், காரணமே இல்லாமல் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வரவேயில்லை. அவர் அவளைத் தேடவும் இல்லை, ஆனால் வருஷா வருஷம் அவள் நினைவாகச் சோறு போடுகிறார். இந்த ஆளைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பேய்க் கதைத் தொகுப்பு மட்டும் பிரமாதம். ஒரு குறை கிடையாது. யாரும் பஸ் ஏறவில்லை. அதில் வந்தவர்கள் எல்லாரும் முன்பே செத்துப்போனவர்கள்.

மலையாள எழுத்தாளர்களைப் பற்றி எனக்கு ஒரு கொள்கையே உருவாகிவிட்டது. கதையில் சிக்கல் வந்தால் ஆளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இதை மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா நல்லா வாசிக்கிறாரா அம்மா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

கடைசியாக வந்தது ஒரு எஸ்டேட் நாவல். போனக்காடு மாதிரி ஒரு மலையில் தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண் மரியபுஷ்பம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது, என்னைப் போலவே வாய் கொஞ்சம் நீளம். ஃபாக்டரி மூடிக் கிடக்கிறது, மழை விடுவதில்லை, அவளுக்குக் காய்ச்சல் காண்கிறது. கடைசி அத்தியாயத்தை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காய்ச்சல் இறங்குகிறது. மரியபுஷ்பம் பஸ் ஏறித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குகிறாள், ரயில் பிடித்து நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். சுபம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அத்தனை பக்கம் கட்டி எழுப்பிவிட்டு இப்படியா முடிப்பது?

மறுநாள் டீச்சர் பார்க்க வந்தார். எங்களோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார். நான் குனிந்தபடியே, அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டு, என் விமர்சனத்தை ஆரம்பித்தேன். நாவல் நல்லது, முடிவு மகா மோசம், காய்ச்சல்காரியைப் பஸ் ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார் ஆசிரியர் என்றேன்.

டீச்சர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

"அய்யோ, செண்பகம், அவள் எங்க பஸ்ஸில கேறினா? மழையில ரோடு இடிஞ்சு பஸ்ஸே வந்தில்லல்லோ. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமதான அவ மரிச்சுப்போறா. அதல்லே நாவல்!"

சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்த என் கணவரின் பாதங்கள் வாசற்படியில் அப்படியே நின்றன. டீச்சருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். டீயை மடமடவென்று குடித்துவிட்டு, "ஞான் பின்ன வராம்," என்று எழுந்து போய்விட்டார்.

என் கணவர் மணையில் வந்து உட்கார்ந்தார். சமையல்காரர், மலையேறிய நண்பர், மேக்கப்காரரின் மனைவி, ஒவ்வொருவராக என் மனசில் செத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கதையும் ஒரே நிமிஷத்தில் அர்த்தமாகிவிட்டது. அந்த மேக்கப்காரரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த மனுஷருக்கு ஆட்களை அப்புறப்படுத்த வேறு வழியே தெரியவில்லையே என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இத்தனை பேர் சாவை மறைத்தவர் வேறு எதை மறைத்திருப்பார்?

"டாக்டர் சொன்னதுல எதைப் பஸ் ஏத்தி விட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் கால் பெருவிரல் தரையைத் தேய்த்தது. வெகுநேரம் தேய்த்தது.

"ஓட்டை பெரிசுன்னு சொன்னா," என்றார். "கொஞ்சம் பழசும் ஆயிட்டாம். மூடிச்சுன்னா பாக்கியம். மூடலைன்னா இன்னொரு ஆபரேஷன். அதுக்கப்புறமும் வாசிக்கிற பார்வை கிட்டும்னு வாக்கு தர முடியாதுன்னு சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்லுவேன்? ஒனக்கு வாசிக்காம இருக்க முடியுமா? அந்தப் பொஸ்தகத்துல யாராவது சாகும்போதெல்லாம் எனக்கு வாய் வரமாட்டேங்குது. நான் என்ன செய்ய, சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. என் கண்ணைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்ற கோபம். கூடவே அழுகையும் வந்தது. குனிந்து கிடந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேராகத் தரையில் சொட்டும். அவர் துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தார். என்னைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறைப்பது அன்பால்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோயாளி அந்த நாட்களில் பொய்யான ஒரு புத்தகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தேறிவிடுவேன் என்று நம்பி, அடுத்து என்ன வாங்கலாம் என்று திட்டம்கூடப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மரியபுஷ்பத்துக்க கடைசி அத்தியாயத்தை எடுங்க," என்றேன். "உள்ளபடியே சொல்லணும். ஒரு வரி விடக் கூடாது."

அவர் எடுத்தார். நீளமான அத்தியாயம் ஒன்றும் இல்லை, ஆனால் அன்று மத்தியானம் முழுவதும் ஆயிற்று. பஸ் வரவில்லை. ஜீப்புக்குச் சொல்லிவிட்டவர்கள் திரும்பவில்லை. மரியபுஷ்பம் கடைசிவரை எதிர்வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே செத்தாள். அந்த இடத்தில் என் கணவரின் குரல் உடைந்தது. நான் சும்மாட்டைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து, துழாவி, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

மற்ற புத்தகங்களின் உண்மைப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன். ஆகவே என் அபிப்பிராயங்களைத் திருத்திக்கொள்கிறேன். துப்பறியும் நாவல் ஆசிரியருக்குக் கூட்டல் நன்றாகத் தெரியும். மேக்கப்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எஸ்டேட் நாவல் நான் கேட்டவற்றில் சிறந்தது. இமயமலை நூலில் மட்டும் என் கணவரின் முடிவே தேவலாம், அந்த நண்பர் சாகவேண்டிய ஆள் இல்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் என் அரைகுறை மலையாளத்தில் முதலிலேயே சொல்லிவிட்டேன், எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள், இவர் மொழிபெயர்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள் என்று. டாக்டர் சிரித்தார், சின்னப் பெண்தான். ஓ.சி.டி. (விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். படம் வரும்வரை என் கணவர் என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை ஈரமாக இருந்தது, என் கையும்தான்.

"ஹோல் அடஞ்சிட்டுண்டு அம்மா," என்றார் டாக்டர், ஓட்டை மூடிவிட்டது என்று. பிறகு நான் கேட்டுக்கொண்டபடியே மிச்சத்தையும் சொன்னார். நடுப்பகுதி மெலிந்துபோயிருக்கிறது. கோடுகள் கொஞ்சம் வளைந்தேதான் தெரியும். வாசிக்கலாம், ஆனால் பழைய வேகம் வராது. சில காலத்தில் இதே கண்ணில் புரை வளரும், அதற்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் எதுவும் குறையவில்லை என்பதே அன்று பெரிய நிம்மதியாக இருந்தது.

நிமிர்ந்து உட்கார அனுமதி கிடைத்தபின் குமிழி ஒரு நீர்மட்டம் மாதிரி கண்ணுக்குள் ஆடியது. மேலே தெளிவு, கீழே இருட்டு. ஒவ்வொரு காலையும் அந்த மட்டம் இறங்கியது. முதலில் என் கணவரின் தலைமுடி கிடைத்தது, அப்புறம் நெற்றி, சில நாள் கழித்து மூக்கு. மூக்கு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. டாக்டர் சொன்ன வளைவு இதுதான்.

இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசிக்கிறேன். பார்வையின் நடுவில் ஒவ்வொரு எழுத்தும் நெளிந்து, நின்று, பிறகுதான் தன்னைக் காட்டுகிறது. முன்பெல்லாம் ஒரு மத்தியானத்தில் தின்று முடித்த நாவல் இப்போது ஒரு மாதம் கூடவே இருக்கிறது. கண் என்று ஒன்று முகத்தில் இருப்பதே எனக்கு முன்பு ஞாபகம் இருந்ததில்லை. இப்போது வரிக்கு வரி ஞாபகம் வருகிறது. அவசரப்பட்டால் தலை வலிக்கும், ஆகவே அவசரப்படுவதில்லை. எங்கள் வீட்டில் காலைகள் நீண்டுவிட்டன.

கடை திறக்கப் போவதற்கு முன் அவர் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். இப்போது நான் வாசிக்கிறேன், தமிழ்ப் புத்தகம், உரக்க. சென்ற வாரம் ஒரு குறுநாவலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். வயலில் பாம்பு கடித்த ஒருவனை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் பெண்டாட்டி வண்டிக்குப் பின்னால் ஓடுகிறாள். வண்டி நின்றதும் அவள் உள்ளே எட்டிப் பார்க்கிறாள். அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

"என்னத்த யோசிக்க? நிறுத்தாத," என்றார் அவர். "உள்ளத வாசி."

"உள்ளதத்தான் வாசிக்கேன். அடுத்த எழுத்து இன்னும் வரலை."

அவர் காத்திருந்தார். எழுத்து நெளிந்தது, நின்றது, வந்தது. அவன் செத்துப்போயிருந்தான். அப்படியே வாசித்தேன்.